கழுத்தை முறிக்கக் கூடாது

புதன், இரவு.

கழுத்துவலிக்காக மல்லேஸ்வரத்தில் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார். வலது கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தலைமேல் லேசாக வைத்து, இடப்பக்கம் மெல்லச் சாய்க்க வேண்டும். இழுக்கக் கூடாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

“சலூன்ல கழுத்தை முறிக்கச் சொல்வீங்களா?”

“வாரா வாரம்.”

“இனி வேண்டவே வேண்டாம். டேஞ்சர்.”

சரி என்றேன். இந்த ஊரில் என்னைத் தொடுவது அந்த சலூன்காரர் மட்டும்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அறைக்கு வந்து செய்து பார்த்தேன். தோள் கொஞ்சம் இளகியது. ஆனால் தலைமேல் இருந்தது என் கைதான்.

மாலையில் ஆஸ்டின் டவுன் சலூனில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன குரு, நெட்டி எடுக்கவா?” என்றார் முருகன்.

“வேணாம்ணா. டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்க. ஷேவிங் மட்டும்.”

கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “காலைலதானே பண்ணிருக்க? வழவழன்னு கீது.”

“பரவால்லண்ணா, பண்ணுங்க.”

கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நுரை கலக்கத் தொடங்கினார்.