காற்றுத் தபால் பலகையும் நாற்பது விருந்தாளிகளும்

ஆகஸ்ட் 12, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஏரியல் கம்பி நனைந்து, ரேடியோவில் கடலை வறுக்கிற சத்தம். தென்னையில் ஏறித் துடைத்தேன். ஐம்பதடி உயரம், ஒற்றைக் கையால். கீழே நின்று பார்த்தவர்களுக்கு மூச்சே நின்றிருக்கும்.

வேலை: பேட்டரிக்குச் சார்ஜ். சாக்பீஸ். பலகைக்குக் கறுப்புச் சாயம். முட்டிக்குத் தைலம்.

காதர் பாய் டீக்கடைச் சுவரில் நான் மாட்டிய பலகைதான் இன்றைக்குக் காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பேச்சு. மூன்று கட்டம்: போனது, வந்தது, காத்திருப்பது. யாராவது செய்தியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் என் ரேடியோ செட்டில் பேசி அனுப்புவேன். சிங்கப்பூரில் ஒருவர், பினாங்கில் ஒருவர், ஜொகூரில் லாபிஸ் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் தாமஸ். எல்லாரும் என்னைப் போல ரேடியோப் பைத்தியங்கள். அவர்களும் தங்கள் ஊரில் பலகை வைத்திருக்கிறார்கள். பதில் வந்தால் இங்கே எழுதிப் போடுவேன். மேலே கொட்டை எழுத்தில்: ‘காற்றுத் தபால். ஆயிரம் செய்தி கடந்தது.’ இந்த மலாயாவில் வேறு எவனுக்கும் தோன்றாத ஏற்பாடு. மூன்றாம் வகுப்போடு நின்றவன் மூளை!

மாலை நாலரைக்குக் காளியம்மா வந்தது. மகன் முனியாண்டிக்கு லாபிஸில் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பா பெருமாள், தாமஸ் இருக்கிற எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் மரம் வெட்டுகிறவர். சீட்டு: ‘சனி வருகிறோம். நாலு பேர். பெண் பார்க்க.’

“அவ்வளவுதானா தங்கச்சி?”

“அவ்வளவுதாண்ணே. அந்த நாலுல ஒண்ணு கைப்பிள்ளை.”

ஐந்து மணி. தாமஸ் குரல் கணீர். நாலு பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை வீடு, அதுவும் மலாக்கா டவுன். நாலு பேர் என்றால் பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள்? நாற்பது என்றேன். லாரியில் வருவதாகவும் சேர்த்தேன்.

“மாமா, நாப்பதா? சரியாச் சொல்லுங்க. ஓவர்.”

“நாப்பதேதான்! பெரிய குடும்பம்ப்பா! ஓவர்.”

வழக்கமாகப் போடுகிற உப்புதான். பினாங்குக்குப் போன தையல்காரர் ‘சுகம்’ என்று ஒற்றைச் சொல் அனுப்பினார் போன மாதம். ‘உன் நினைப்பாகவே இருக்கிறேன்’ என்று எழுதிப் போட்டேன். தையல்காரர் சம்சாரம் பலகையைத் தொட்டுக் கும்பிட்டுப் போனது.

ஆகஸ்ட் 14, புதன்

வெயில். பேட்டரி வந்தது. பாடாங் திடலில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு வளைவு கட்டுகிறார்கள். மூங்கில் சாய்ந்திருக்கிறது என்று நான்தான் சொல்லி நிமிர்த்தினேன்.

லாபிஸ் பதில்: ‘வரட்டும். ஏற்பாடு செய்கிறேன். பெருமாள்.’ பலகையில்: ‘வாருங்கள் சம்பந்தி. வாசலில் வாழைமரம் கட்டிவிட்டேன்.’ கா. (காளியம்மா) படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தது.

காதர் பாய்: “மெர்டேக்காவையும் நாந்தான் ரேடியோவுல பேசி வாங்கிக் குடுத்தேன்னு எழுதிப் போடும் மாமா. சுவத்துல இடம் இருக்கு.”

பொறாமை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மழை இல்லை. காலை ஆறரை. தாமஸ் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

“மாமா, பெருமாளைப் புடிச்சிட்டாங்க. நேத்து மத்தியானம். வீட்டுல ரெண்டு மூட்டை அரிசி. லயத்துல வீடு வீடாப் போயி ஒரு டின்னு, ரெண்டு டின்னுன்னு கேட்டு வாங்கிச் சேத்திருக்காரு. நாப்பது பேருக்குச் சோறு போடணும்னு சொன்னாராம். எந்த நாப்பது பேருன்னு அடிக்கிறாங்க.”

அந்தப் பக்கம் அரிசி ரேஷன் அளந்துதான். ஒரு பிடி கூடுதலாக இருந்தாலும் காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு என்றுதான் கணக்கு. அவசரகாலச் சட்டம். வருஷக்கணக்கில் உள்ளே போடலாம். எனக்கு இது தெரியாதா? தெரியும். நாற்பது என்று சொன்னபோது ஞாபகம் வரவில்லை.

“என் பலகையக் கழட்டிட்டேன். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.”

ஓவர்கூடச் சொல்லவில்லை.

நாலு முறை கொல்லைப்பக்கம். (நாலுதான்.)

பத்து மணிக்குக் கா. ஓடி வந்தது. பெண்ணின் தம்பி தந்தி அடித்திருக்கிறான்: ‘அப்பா கைது. வீட்டில் இரண்டு மூட்டை அரிசி.’

“நாலு பேருக்கு எதுக்குண்ணே ரெண்டு மூட்டை? காட்டுக்காரனுக்குச் சோறு போடுற குடும்பம்னு நமக்குத் தெரியாமப் போச்சே! எம்புள்ள கவருமெண்டு வேலையில இருக்கான். இந்தச் சம்பந்தம் வேணாம்ணே. நீங்களே ரேடியோவுல சொல்லிடுங்க.”

சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

வானம் மூடிக்கொண்டு புழுக்கம். இன்று அவர்கள் பெண் பார்க்கப் போயிருக்க வேண்டிய நாள்.

எட்டு மணிக்கு டீக்கடையில் மஃப்டி போலீஸ், வெள்ளைச் சட்டை ஆள்கள் ஆறு பேர், துப்பாக்கியோடு. இல்லை. இரண்டு பேர். துப்பாக்கி பார்க்கவில்லை. டீயைக் குடிக்காமல் பலகையைப் படித்தார்கள். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர்கள் போனதும் காதர் பாய் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

“ஆயிரம் செய்தி யார் யாருக்குப் போச்சுன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல? நீர்தானே எழுதினீரு.”

போனது மொத்தம் அறுபத்து மூன்று. என் நோட்டில் இருக்கிறது. அறுபத்து மூன்று என்றால் எவன் நம்புவான்? மிச்சம் எங்கே என்று கேட்பார்கள். பலகையை அழிக்கலாமா? அழித்தால் ஏன் அழித்தாய் என்பார்கள். அழிக்கவில்லை.

லைசென்ஸ் பேப்பரை எடுத்தேன். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று எழுத்துக் கூட்டி, ஒரு வரிக்கு அரை மணி. ஏழாவது வரி: மற்றவர்களுக்காகச் செய்தி அனுப்பக் கூடாது. இரண்டு வருஷமாக அலமாரியில் கிடக்கிற வரி.

வழிகள்:
செட்டைக் கிணற்றில் போடுவது. (கிணறு பொதுக் கிணறு.)
சிங்கப்பூர் ஓடுவது.
தாமஸ் தப்பாகக் காதில் வாங்கிவிட்டார் என்று சொல்வது.

மூன்றாவதுதான் சுலபம். நான் நாலு என்றேன், அவர் நாற்பது என்று எழுதிக்கொண்டார். கா. எழுதிய சீட்டிலும் நாலு என்றுதான் இருக்கிறது. காற்றில் பேசியதற்கு யார் சாட்சி? தாமஸுக்கு வேலை போகும். மூன்று பிள்ளைகள் அவருக்கு.

மத்தியானம் முழுக்க அதையே ஒத்திகை பார்த்தேன். நன்றாக வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரி: “ஏங்க, செட்டுக்கு எதுக்குச் சாக்கு போத்தி வச்சிருக்கீங்க? அதுக்குச் சளியா?”

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்டிருந்த துணியெல்லாம் மறுபடி ஈரம். தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஒன்று வந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற மீன் வண்டி.

வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

“நாலுன்னா நாலுன்னு சொல்ல உங்க வாய்க்கு என்ன கேடு? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் மூணு கார்ல வர்றோம்னு சொல்லிவிட்டீங்க. மாட்டு வண்டியில வந்து எறங்குனீங்க.”

“அப்ப உங்கப்பா சிரிச்சாரே.”

“அப்ப சோத்துக்குக் காவல் இல்லை. இப்ப ஒரு மனுசன் உள்ள கெடக்குறான். அந்த டாக்டர் தம்பி மேலயா போடப் போறீங்க?”

டாக்டர் இல்லை, டிரெஸ்ஸர் என்றேன். கீரைக்கட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சீட்டையும் நோட்டையும் லைசென்ஸையும் எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

டவுன் போலீஸ் ஸ்டேஷன். வெள்ளை வேட்டி, சீட்டு, நோட்டு, லைசென்ஸ்.

மலாய் இன்ஸ்பெக்டர். வயது என் மகன் வயது இருக்கும். சீட்டை அவர் முன் வைத்து, எழுதியிருப்பது நாலு, சொன்னது நாற்பது, மாற்றியது நான், தாமஸ் இரண்டு தரம் கேட்டார் என்று மலாயிலேயே சொன்னேன். இல்லை, மலாய் பாதி, தமிழ் பாதி.

“பெத்துலா?” நிஜமா என்கிறார். “ஏன் மாற்றினாய்?”

“மரியாதைக்கு, துவான்.”

பக்கத்திலிருந்த சார்ஜன்ட் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு செய்தியாக நோட்டைப் புரட்டினார். அறுபத்து மூன்றா, ஆயிரமா? அறுபத்து மூன்று. எத்தனையை மாற்றினாய்? யோசித்தேன். எல்லாவற்றையும் என்றேன். பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

பெருமாளை விடுவது லாபிஸ் ஸ்டேஷன் பாடு. நானே நேரில் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். என்னை என்ன செய்வது என்பது அதற்கு அப்புறமாம்.

வேனில் வந்து செட்டை எடுத்துப் போனார்கள். ஏரியல் கம்பியைச் சுருட்டி, பலகையையும் கழற்றி. வேடிக்கை பார்க்க நூறு பேர். இல்லை, பதினொரு பேர். எண்ணினேன்.

மாலையில் கா. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முனியாண்டி எழுந்து உள்ளே போய்விட்டான். கா. என் முகத்தைப் பார்க்காமல்: “லாபிஸுக்குக் காலையில எத்தனை மணிக்கு பஸ்? நானும் வர்றேன்.”

ஆகஸ்ட் 20, செவ்வாய்

லாபிஸ் ஸ்டேஷன், வெளி பெஞ்சு. பென்சில். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.

மூன்று பஸ். ஜொகூர் எல்லையில் சோதனை. கா. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை வாங்கிக் கீழே கொட்டிவிட்டார்கள், சமைத்தது உள்ளே போகக் கூடாதாம். அது காலிப் பாத்திரத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டது. நாலு பஸ் நேரமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லை, மூன்று பஸ்.

பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த சார்ஜன்ட் எழுதினார். திரும்பப் படித்துக் காட்டினார். ‘நாற்பது பேர் என்பது என் சொந்தக் கற்பனை.’ கையெழுத்துப் போட்டேன். தாமஸ் வாசலில் நின்றிருந்தார். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

ஒரு மணி. எங்கேயோ டெலிபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது. இங்கேயே என்னையும் வைத்துக்கொள்வார்களோ? வீட்டுக்காரியிடம் சரியாகச் சொல்லி வரவில்லையே, சாயங்காலம் வந்துவிடுவேன் என்றுதான்...

இரண்டரை. பெருமாளை விட்டுவிட்டார்கள். ஒல்லி மனிதர். சட்டைக்குப் பொத்தான் இரண்டு இல்லை, இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. கா.வை மட்டும் போட்டோவில் பார்த்த அடையாளத்தில் கண்டுகொண்டு, நேரே வந்து கும்பிட்டார்.

“மன்னிச்சிக்குங்க சம்பந்தி. சனிக்கிழமை ஒரு வாய் சோறு போட முடியாமப் போச்சு. நாப்பது பேரும் பட்டினியாத் திரும்பிட்டீங்களா?”

கா. என்னைப் பார்த்தது.

நான் சொன்னேன். நாற்பது இல்லை, நாலு, மாற்றிச் சொன்னது நான்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“நாலு பேரா?” என்றார். “நாலு பேருக்கு வீட்டு அரிசியே போதுமே.”