அடுத்தவர் முறையில் போட்ட வலை

அன்புள்ள பேத்தி பூவிழிக்கு,

பெங்களூரில் நீயும் உன் வீட்டுக்காரர் டேவிட்டும் குறையில்லாமல் இருக்க கங்கையம்மனைக் கும்பிட்டு, உன் ஆயா லோகநாயகி எழுதுவது. போனில் பேசினால் உன் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். பெற்ற மகனைப் பற்றி அவன் எதிரில் எப்படிச் சொல்வது. அதான் கோணல் எழுத்தானாலும் எழுதுகிறேன்.

போன வாரம் ஏரி முகத்துவாரத்தில் வலை போடும் முறை விஜயராகவன் ஆட்களுக்கு. ஊரில் சீட்டு எடுத்து, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று பிரிப்பது உனக்குத் தெரியும். அதில் வரும் சண்டையைத் தீர்த்து வைத்தவனே உன் நைனாதான். அவன் போய் அங்கே வலையைக் கட்டிவிட்டான்.

விஜயராகவன், ஊரே தொழிலுக்குப் போகாத உன் தாத்தா சாவன்றைக்கும் மீன் பிடிக்க ஏரியில் இறங்கினவன். அதை நான் மறக்கவில்லை. ஏரி உங்க அப்பன் வூட்டு சொத்தானு ஊரைக் கூட்டுவான் என்றுதான் நினைத்தேன். அவனோ தானே வலையை அவிழ்த்து, உன் நைனாவைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டான். பெரிம்மா, ‘நீ யாருப்பா’னு என்னையே கேக்குறான்னு சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

உன் சித்தப்பன் லோகேஷ் சென்னையில் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறான். முதுகில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை புதுசாக முளைக்குமாம். அமாவாசை கழிந்து உன் நைனாவைக் கூட்டிப்போகிறானாம். வேண்டாம் என்று நீ சொன்னதை நான் அப்படியே சொன்னேன். வளர்ந்த எலியின் மூளையிலும் புதுசு ஈனுகிற செல் கொஞ்சம் தூங்கிக்கொண்டு இருக்கிறது, உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அதை மினுங்க வைத்து அடையாளம் பார்க்கிறார்கள், எது எழுப்புகிறது, எது தூங்க வைக்கிறது என்று தேடுகிறார்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுப்பினால் இருப்பு தீர்ந்துபோகும், வளர்ந்த மனுசர் மூளையில் அது இருக்கிறதா என்றே ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது என்று. சினை இறாலையெல்லாம் ஒரே நாளில் வாரினால் அடுத்த பருவத்தில் ஏரியில் என்ன இருக்கும். எனக்குப் புரிகிறது. உன் சித்தப்பனோ, எலிக்கு வைத்தியம் பாக்குறவளுக்கு மனுசனைப் பத்தி இன்னா தெரியும்னு கேட்கிறான். நீ நேரில் சொன்னால்தான் அடங்குவான்.

இன்னொன்று. டேவிட்டை வாசலில் நிறுத்தி உன் நைனா கோபத்தில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என்னிடம் இருக்கிறது. அவனிடம் இல்லை. பூவிழி ஸ்கூல் விட்டு வந்துட்டாளானு தினமும் கேட்கிறான். மடவை மீன் வறுத்தால் நடுத்துண்டை உனக்கென்று மூடி வைக்கிறான். சாயந்தரம் அதை எடுத்துப் பூனைக்குப் போட எனக்குக் கை வருவதில்லை.

உங்கள் எலி மருந்து ஒருநாள் மனுசருக்கு வந்து, அவனுக்கு எல்லாம் திரும்பினால் அந்தக் கோபமும் திரும்புமோ என்னவோ. திரும்பட்டும். திட்டுகிற மகனே எனக்குப் போதும்.

அமாவாசைக்கு முன்னால் வா. டேவிட்டையும் கூட்டி வா. நீ யாருப்பானு கேட்டால் மனசு நோகக் கூடாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவை. நீயும் மனசைத் தேற்றிக்கொண்டு வா.

நீ தேடுகிறது உன் கண்ணில் படட்டும். நீ படியேறும்போது உன் பேர் அவன் வாயில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் ஆயா
லோகநாயகி