வாய்க்கா கரை வழியா அத்தைய கொண்டுபோனது

அன்பு மகள் இசைவாணிக்கு,

அம்மா எழுதறேன். மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் உங்க அண்ணன் பிரான்சிசும் கஞ்சி தண்ணி குடிச்சிக்கினு நடமாட்டமா இருக்கோம். அந்த வெளிநாட்டுக் குளிருல ஆஸ்பத்திரி வேலையும் பாத்துக்கினு நீ ஒடம்பக் கெடுத்துக்காம இருக்கணும்னு செபமாலை சொல்றப்பல்லாம் உன் பேரைச் சொல்லிக்கினுதான் இருக்கேன். அப்பாவுக்கு முட்டி வலி பரவால்ல. குத்தகைக்கு எடுத்த காக்காணி நெலத்துல போட்ட மல்லாட்டை மழையில பாதி அழுகிப் போச்சு, மிச்சக் கடலையப் புடுங்கிக் காய வச்சிருக்கோம். வேணி அத்தை போயி மாசம் திரும்பிடுச்சு. லீவு கெடைக்காம உன்னால வர முடியல, அதுக்கு நீ இன்னும் அழுதுக்கினு இருக்கேன்னு அண்ணன் சொன்னான். அழாத. ஆனா அத்தைய எப்படி எடுத்துக்கினு போனோம்னு உனக்கு இன்னும் முழுசா யாரும் சொல்லல. போன்ல சொல்ல எனக்கு வாய் வரல, அதான் எழுதறேன்.

உனக்குத் தெரிஞ்சதும் இதுல இருக்கும், இருந்தாலும் மொதல்லேர்ந்து சொன்னாத்தான் எனக்கு எழுத வரும். அண்ணன் குயிலாப்பாளையத்து சைக்கிள் கடையில வேலைக்குச் சேந்ததுலேர்ந்து வெளியூர்க்காரங்கள மண் ரோட்டுல கூட்டிக்கினு போறான் இல்ல, அந்தத் தடி டயரு போட்ட, ஹேண்டில்பாரு வளைஞ்ச கிராவல் சைக்கிள்ல. அவங்களுக்குத் தார் ரோடு ஆகாது, லாரி வராத வழியா வேணும். மொதல்ல திண்டிவனம் பக்கம் செம்மண் வழி, ஏரிக்கரைன்னு போய்க்கினு இருந்தான். நீ அங்க வாய்க்கா ஓரமா சைக்கிள் ஓட்டற போட்டோ அனுப்பினதப் பாத்துட்டு நம்ம ஊரு வாய்க்கா கரைக்கு என்ன கொறைச்சல்னு இந்தப் பக்கமும் கொண்டாந்தான். காலையில குயிலாப்பாளையத்துலேர்ந்து கெளம்பி, திருவாமாத்தூர் கோயில் பக்கம் நெழல்ல ஒக்காந்துட்டு, ராத்திரி விழுப்புரத்துல தங்கி, மறுநாளு கரை புடிச்சே நம்ம காலனிக்கு வந்துடுவாங்க. நான் கேப்பைக் கூழு காய்ச்சி வைப்பேன், அத்தைதான் சொம்புல ஊத்தி ஊத்திக் குடுப்பாங்க. ஒரு தடவை அந்த சைக்கிள ஒத்தக் கையால தூக்கிப் பாத்துட்டு, இது கோழிக் கூடை கனம்கூட இல்லியேன்னாங்க, வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க.

அப்பறம் வந்தவங்கள்ல யாரோ அந்த வழிய போன் மேப்புல கோடு போட்டு, எல்லாரும் பாக்கற மாதிரி வச்சிட்டாங்க போல இருக்கு. அதப் பாத்துக்கினு ஞாயித்துக்கெழமையில விழுப்புரத்துலேர்ந்து, பாண்டிச்சேரியிலேர்ந்து யார் யாரோ வர ஆரம்பிச்சாங்க. கரைய ஒட்டின கரும்புக் கொல்லை மேலத்தெரு தாண்டவராயனோடது. அவரு ஒரு நாளு அண்ணன நிறுத்தி, இன்னிக்கு கரையில சைக்கிள் விடுவீங்க, நாளைக்கு ரோடு போடச் சொல்லுவீங்க, அப்பறம் எங்க தெரு வழியாவே வருவீங்கன்னு கேட்டாரு. கரை கவர்மெண்டோடது அண்ணே, உங்க கரும்புல ஒரு தோகை கூட ஒடியலன்னு இவனும் தாழ்மையாத்தான் சொன்னான். அடுத்த வாரமே ஜேசிபி வச்சு கரையக் குறுக்கால ஆள் ஆழத்துக்கு வெட்டி ரெண்டு பக்கமும் கருவேல முள்ளப் போட்டுட்டாரு. வம்பு வேணாம்னு அண்ணனும் தார் ரோட்டையே சுத்திக் கூட்டிக்கினு போனான். நாங்களும் உட்டுட்டோம். நம்ம கல்லறைக்குப் போற வழியும் அதுதான்னு அப்ப யாரு மனசுலயும் படல. காலனியில அந்த மாசம் சாவு விழல, அதான்.

சனிக்கெழம விடியக்கால அத்தை எழுந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டாங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் பூசை முடிஞ்சு பெட்டிய எடுக்கற வரைக்கும் நீ போன்ல பாத்த. அப்பறம் சிக்னல் இல்லன்னு அண்ணன் நிறுத்திட்டான். சிக்னல் இருந்திச்சு, பெட்டியோட அந்தப் பள்ளத்துக்கிட்ட வந்து வழியில்லாம நின்னுட்டோம், அத நீ பாக்க வேணாம்னுதான். வாய்க்காவுல ரெண்டு நாளா ஆத்துத் தண்ணி இழுப்பா ஓடுது, மழை வேற. மேலத்தெரு வழியா போகலாம்னா அந்தத் தெருவுல நம்ம பொணம் என்னிக்குப் போயிருக்கு. கரும்பு ஓரமா தாண்டவராயன் ஆளுங்க நாலஞ்சு பேரு நின்னுக்கினு, கொல்லையில கால வச்சா நல்லா இருக்காதுன்னு சொல்லிட்டாங்க. நம்ம பசங்க கட்டையத் தூக்கிட்டானுங்க. சாமியாரு நடுவுல போய் நின்னாரு, யாரு கேக்கறது. அப்பா முட்டிக்கால் வலியோட அந்தச் சேத்துல பெட்டி பக்கத்துலயே ஒக்காந்துட்டாரு. எந்தங்கச்சிய வச்சுக்கினு ரத்தம் பாக்காதீங்கடான்னு அவரு சொன்னப்பதான் பசங்க கையி கொஞ்சம் தாழ்ந்திச்சு.

அந்த நேரம் பாத்து அந்தாண்ட பக்கத்துலேர்ந்து சைக்கிள்காரங்க ஏழெட்டு பேரு வந்து பள்ளத்துக்கிட்ட நின்னாங்க. அண்ணன் கூட்டியாந்தவங்க இல்ல, போன்ல கோட்டப் பாத்துக்கினு விழுப்புரத்துலேர்ந்து தானா வந்தவங்க. இந்தப் பக்கம் பெட்டிய வச்சிக்கினு நாங்க, அந்தப் பக்கம் கலர் கலரா சட்டை போட்டுக்கினு அவங்க. ஒருத்தரு போன எடுத்துப் படம் புடிக்கப் போனாரு. எங்க அத்தைங்க, கீழ வைங்கன்னு அண்ணன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அவரு வச்சிட்டாரு. அப்பறம் அண்ணன் செருப்பக் கழட்டிட்டு வாய்க்காவுல எறங்கிட்டான். தண்ணி நெஞ்சு வரைக்கும் இருந்திச்சு. வாங்கடா, தண்ணி அவரு வெட்டுனது இல்லன்னான். நம்ம பசங்க சவுரிராயன், கோபி எல்லாரும் ஒவ்வொருத்தரா எறங்கி, பெட்டியத் தலைக்கு மேல புடிச்சுக்கினு பள்ளத்தத் தாண்டற வரைக்கும் தண்ணியிலயே நடந்தாங்க. இழுப்புக்கு ஒருத்தன் கால் வழுக்கினா பெட்டியே போயிடும், நான் கண்ண மூடிக்கினேன். கரை ஏறுற எடத்துல முழுக்க முள்ளு. அந்த சைக்கிள்காரங்க சைக்கிள அப்படியே போட்டுட்டு வெறுங்கையால முள்ள இழுத்துத் தள்ளி, குனிஞ்சு பெட்டிய வாங்கினாங்க. கையெல்லாம் கீறிக்கினு ரத்தம். பொம்பளைங்க நாங்க அப்பறமா ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கினு அதே தண்ணியில எறங்கித்தான் போனோம். உன்ன இடுப்புல கட்டிக்கினு கரும்பு வெட்டப் போனவங்க உன் அத்தை. அதே கரும்பு ஓரமா அவங்க தண்ணி மேல போனாங்க.

மண்ணு போட்டு முடிச்சதும் படம் புடிக்கப் போன அந்த ஆளு அண்ணன் கிட்ட வந்தாரு. பேரு நடராசன், விழுப்புரத்துல வாத்தியாரா இருக்காராம். மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு, நான் பாத்தத எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்னாரு. சொன்ன மாதிரியே தாலுகா ஆபீசுக்கு ரெண்டு தடவை வந்தாரு. மனு குடுத்து, சர்வேயர் வந்து சங்கிலி புடிச்சு அளந்து, கரை பொறம்போக்குதான்னு சொல்லி, போன வாரம் பள்ளத்த மூடிட்டாங்க. கேக்க நல்லா இருக்கும் உனக்கு. ஆனா தாண்டவராயன் இப்ப நம்ம பொம்பளைங்க யாரையும் கொல்லைக்குக் கூப்புடறதில்ல. விடிய முன்ன லோடு ஆட்டோ ஏறி எங்கெங்கியோ கூலிக்குப் போறாங்க. உன் புள்ள சைக்கிள் உட்டதுல எங்க சோறு போச்சுன்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேராவே கேட்டா.

அண்ணனுக்கும் அதே எண்ணம்தான். நாந்தான கொண்டாந்தேன், இல்லன்னா அந்த வழி அப்படியே கெடந்திருக்கும்மான்னு சொல்லிட்டு, ஆளுங்களக் கூட்டிக்கினு போறதையே உட்டுட்டு கடையில பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தான். சரியா சாப்புடல. மாச பூசைக்கு வந்தப்ப நான் ஒக்கார வச்சு சொன்னேன். பொணம் மட்டும் போயிக்கினு இருந்த வரைக்கும் அந்த வழி யாரு கண்ணையும் உறுத்தலடா, உசுரோட இருக்கறவங்க சந்தோசமா போனதுதான் உறுத்திச்சு, அதுக்காக சந்தோசமா போறது தப்புன்னு ஆயிடுமான்னு கேட்டேன். பக்கத்துல இருந்த அப்பா, கல்லறைகிட்ட வந்தா எறங்கித் தள்ளிக்கினு போகச் சொல்லுன்னாரு.

நேத்து கூட்டிக்கினு வந்தான். ஆறு பேரு. நான் மல்லாட்டை காய வச்சிக்கினு இருந்தேன், கரையில வர்றது தெரிஞ்சிது. கல்லறை ஓரம் வந்ததும் அண்ணன் எறங்கினான். எதுக்குன்னு அவங்களுக்கு என்ன சொன்னானோ, ஒவ்வொருத்தரா எறங்கி, ஹெல்மெட்டக் கழட்டிக்கினு, வேலி முடியற வரைக்கும் தள்ளிக்கினே நடந்தாங்க. அத்தை ஊத்தற அதே சொம்புல நானே கூழு ஊத்திக் குடுத்தேன், அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.

அண்ணன் கிட்ட நீயா போன் பண்ணிப் பேசு, அந்த நாளப் பத்திக் கேக்காத, எங்க எங்க சைக்கிள்ல போனேன்னு கேளு. வேளைக்குச் சாப்புடு. ஆண்டவர் உன் கூடவே இருந்து காப்பாத்துவாரு, அப்பா உன் நெத்தியில சிலுவை போட்டதா எழுதச் சொன்னாரு. லீவு கெடைச்சு வரும்போது மொத வேலையா அத்தைய பாத்துட்டு வரலாம். கரை வழியாவே போகலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல.

உன் நெனப்பாவே இருக்கற அம்மா,
சவுரியம்மாள்