டின் விளக்கில் ஓடிய ஓட்டமாவடி பஸ்

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் மகள் குசினி வாசலில் குந்தியிருந்து, வெறும் பால்மா டின் ஒன்றை ஈர மணலால் நிரப்பி, அதன்மேல் ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள். கைபேசியில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் செய்துகாட்ட, இவள் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள். டங், டங் என்ற அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நான் அடுப்பில் இருந்த கறியை அப்படியே விட்டுவிட்டு வாசல் படலைக்கு ஓடினேன். ஒழுங்கையில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஐஸ்கிறீம் வண்டிக்காரர் ஒருவர்தான் நின்றார். ஆமி இல்லை. சுற்றிவளைப்பு இல்லை. அதெல்லாம் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இருந்தும் படலையைச் சாத்திவிட்டுத்தான் திரும்பினேன்.

"ஏனம்மா ஓடினீங்க? விளக்குத்தானே செய்யிறன்" என்றாள் மகள்.

அவளுக்கு என்ன சொல்வது? நடந்தபோது அவள் சின்னக் குழந்தை. அப்பாவின் தங்கையான உன்னைப் படத்தில் பார்த்தால்தான் கொஞ்சம் நினைவு வரும். கறி அடிப்பிடித்த மணத்தோடு நின்றுகொண்டு, "ஒண்டுமில்ல புள்ள, நீ அடி" என்றேன். அவளிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

நாவலடிக்கு நான் மருமகளாக வந்தபோது எனக்கு முதலில் பயம் தந்தது அந்த இடம்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒரு துண்டு மணல். இரவில் இரண்டு தண்ணீரும் பேசுவது கேட்கும். உன் அண்ணன் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் நானும் நீயும் உன் அம்மாவும் குழந்தையும். நான் உனக்கு மச்சாள், நீ எனக்கு மச்சாள். கூப்பிட்டால் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று உன் அம்மாவுக்கே குழம்பும்.

நீ பாலர் பாடசாலை டீச்சர். சனிக்கிழமைகளில் சைக்கிளில் கல்லடிப் பாலம் கடந்து, டவுனான புளியந்தீவில் இருந்த நெட் கபேக்குப் போவாய். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, சமையல் குறிப்பும் கைவேலைப் படமும் தேடி, அச்செடுத்துச் சுருட்டிக்கொண்டு வருவாய். வந்ததும் குசினியில் நின்று உரத்து வாசிப்பாய்.

"இஞ்ச பாரு மச்சாள், முதல்ல அவனைச் சூடாக்கட்டாம். நம்மட வீட்டில அவனும் இல்ல, இவனும் இல்ல. என்னகா செய்யிற?"

உன் அம்மா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறுவார். பிறகு பெரிய பானையில் மணல் போட்டு, மூடி, மேலே தணல் பரப்பி நீயே ஓர் 'அவன்' அடுப்புச் செய்துவிடுவாய். மாசி மாதத்துக்கென்று எழுதியதை நாங்கள் ஆடியில் செய்வோம். பனிக்காலத்துப் பலகாரத்தை வேர்த்துக் கொட்டக் கொட்டச் சுடுவோம். பாதிக்கு மேல் பழுதாகும். பழுதானதையும் தேத்தண்ணியோடு தின்று முடிப்போம்.

அந்த வருட நத்தாரன்று, உன்னிடம் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவென்று பழக் கேக் செய்தாய். வெளியே கருகி, உள்ளே மாவாக இருந்தது. நீ விடவில்லை. மறுநாள் காலையில், "பேக்கிங் பவுடர்தான் பழசு. வா, டவுனுக்குப் போய்ப் புதுசு வாங்கி வருவம்" என்றாய். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் சைக்கிளில் பின்னால் ஏறினேன். உன் அம்மா பானையடியில் இருந்தார். "சுறுக்கா வாங்க. நான் நெருப்பை அணைய விடாமப் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

கல்லடிப் பாலத்தில் ஏறியபோதுதான் சனம் கத்திக்கொண்டு ஓடி வந்தது. "கடல் வருகுது! கடல் வருகுது!" கடல் எப்படி வரும் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் கீழே வாவித் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடியது. கதிரை வந்தது, கூரை வந்தது, பிறகு மனிதர்கள் வந்தார்கள். நீ சைக்கிளைப் போட்டுவிட்டு நாவலடிப் பக்கம் ஓடப் பார்த்தாய். உன் சட்டையை நான் பிடித்த பிடியில் தையல் கிழிந்தது. குழந்தை என் தோளில் அலறியது. அன்று தொடங்கிய நடுக்கம் எனக்கு முழுதாக விட்டதே இல்லை.

உன் அம்மாவை நாங்கள் கண்டெடுக்கவில்லை. எரிக்கவோ புதைக்கவோ ஒன்றும் இல்லை. "கேக் வெந்திருந்தா நாமளும் அங்கதான் இருந்திருப்பம்" என்று நீ ஒரே ஒருமுறை சொன்னாய். அதன் பிறகு நெடுநாள் நீ அடுப்புப் பக்கமே வரவில்லை.

கல்லடியில் உறவுக்காரர் வளவில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டில் கிடைத்தது. பக்கத்திலேயே இன்னொரு கொட்டிலில் பாலர் பாடசாலை மறுபடி தொடங்கியது. தகரத்தில் மழை விழுந்தால் பிள்ளைகள் மேசைக்குக் கீழே புகுந்துவிடும். தண்ணீர்க் கோப்பையைக் கண்டு அழுத பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நீ திரும்பவும் பாலம் கடந்தாய். கோதுமை மாவும் உப்பும் எண்ணெயும் சேர்த்து விளையாட்டுக் களி செய்கிற குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்தாய். நிவாரண மாவில் மஞ்சளும் பீட்றூட் சாறும் கலந்து நாங்கள் பிசைந்தோம். பிள்ளைகள் அதில் பாம்பு உருட்டின. ஒன்று மற்றொன்றின் காதில் பாம்பை விட்டுச் சிரித்தது. அன்று நீ வாசலில் நின்று முகத்தைத் துடைத்தது எனக்குத் தெரியும்.

கடல் வந்ததன் இரண்டாவது ஆண்டு நெருங்கியபோது சண்டையும் திரும்பியிருந்தது. வாகரைப் பக்கம் ஷெல் விழுகிற அதிர்வு எங்கள் தகரத்தில் கேட்கும். அங்கிருந்து சனம் சாக்குப் பைகளோடு வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தது. ஊருக்குள் ஆட்கள் காணாமல் போனார்கள். வான் வண்டி ஒன்று ஒழுங்கையில் மெதுவாகப் போனால் நான் விளக்கை ஊதி அணைத்துவிடுவேன். அந்த நேரத்தில்தான் நீ டின் விளக்கோடு வந்தாய்.

அச்செடுத்த தாளில் படம் அழகாகத்தான் இருந்தது. வெறும் டின்னில் ஆணியால் புள்ளி புள்ளியாகத் துளையிட வேண்டும். உள்ளே மெழுகும் திரியும் வைத்தால் புள்ளிகள் வழியாக வெளிச்சம் உருவமாக விழும். டின் நசுங்காமல் இருக்க, தண்ணீர் நிரப்பி உறைய வைக்கச் சொல்லியிருந்தது. எங்களிடம் உறைய வைக்க என்ன இருந்தது? வாவிக்கரை மணலை நனைத்து இறுக்கினாய். மீன் டின்களைச் சேர்த்தாய். திரி சீக்கிரம் கருகாமல் இருக்க, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் என்ற வெள்ளைத் தூளை வாங்கி, உப்போடு கரைத்து, பருத்தித் திரிகளை அதில் ஊறப்போட்டு, விறைப்பாக வெள்ளை பிடித்ததும் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டாய்.

"நாவலடிக் கரையில பிள்ளையள் ஆளுக்கொண்டு கொளுத்தட்டும். அம்மாக்கும் ஒண்டு" என்றாய்.

ஒவ்வொரு பிள்ளையையும் என்ன உருவம் வேண்டும் என்று கேட்டாய். காகம், பட்டம், மீன், பூ. ஒரு பெட்டைக்குட்டி மட்டும் "பஸ்" என்றாள்.

"என்ன பஸ் புள்ள?"

"ஓட்டமாவடி பஸ்."

அவளுடைய அப்பா ஓட்டமாவடி ஊருக்குப் போகும் அந்தப் பஸ்ஸில் ஏறிப் போனவர். திரும்பி வரவில்லை.  நீ நீள டின் ஒன்றைத் தேடி எடுத்து, யன்னல் யன்னலாக அடித்துக் கொடுத்தாய்.

 "மச்சாள், டின், ஆணி, வெள்ளைத் தூள், திரி. ஆமிக்காரன் பாத்தா குண்டெண்டுதான் நினைப்பான். எறிஞ்சிருவம்கா" என்றேன். "விளக்குக்கு ஆருகா பயப்பிடுவான்?" என்று சிரித்தாய்.

வெளிச்சம் சரியாக வராத ஒரு காலையில் சுற்றி வளைத்தார்கள். நாய்கள் குரைத்ததில் எழும்பினேன். வேலியோரம் முழுக்கத் துவக்குகளோடு ஆமி. கொடியில் தொங்கிய திரிகளைக் கண்ட ஒருவன் கத்தினான். மற்றவர்கள் பின்வாங்கிக் குந்தினார்கள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் வாசலில் நின்று, "இது ஆர்ர வேலை?" என்று கேட்டார்.  நீ முன்னால் போய், "என்ர" என்றாய். அந்தத் தாளைக் காட்டலாமென்று தேடினோம். நான்தான் அதை முதல்நாள் அடுப்பு மூட்டப் போட்டிருந்தேன். வேறு கடதாசி கிடைக்காத காலம் அது.

உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். முகாம் வாசலில் இருத்தி வைத்தார்கள். கடைசியில், அதே வீட்டுக்காரி என்று என்னையும் விசாரிக்க உள்ளே கூப்பிட்டார்கள். முற்றத்து நடுவில் மணலில் நீ முழங்காலில் இருந்தாய். முன்னால் எங்கள் டின்கள். அதிகாரி தூரத்தில், மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்றார்.

பொலிஸ்காரர் சொன்னார். "விளக்கெண்டா இப்ப கொளுத்திக் காட்டட்டாம். நீங்க மட்டும். மற்ற ஆக்கள் எல்லாம் விலகி நிக்கட்டாம்."

"மச்சாளைப் புள்ளையோட வெளிய அனுப்புங்க. மறுகா கொளுத்துறன்" என்றாய்.

நான் போகவில்லை. தைரியம் என்று நினைக்காதே. கால் அசையவில்லை, அவ்வளவுதான்.  முதல் குச்சி முறிந்தது. அடுத்ததைத் திரியில் வைத்தபோது, உப்புக் கூடிப்போயிருந்த திரி படபடவென்று வெடித்தது. எல்லாத் துவக்குகளும் ஒரே நேரத்தில் உன்மேல் நிமிர்ந்தன. நான் குழந்தையின் முகத்தை நெஞ்சோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். மச்சாள், சுடப்போகிறார்கள் என்று நான் முழுசாக நம்பினேன்.

கண்ணைத் திறந்தபோது சின்னதாக ஒரு சுடர். வெயிலில் அதைக் காணவே முடியவில்லை. அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. "இருட்டான இடம் வேணும் எண்டு சொல்லுங்க" என்றாய் பொலிஸ்காரரிடம். குனிந்து, இரண்டு கையாலும் அந்த நீள டின்னை ஏந்திக்கொண்டு நடந்தாய். யன்னல் அடைத்த ஓர் அறைக்குள் போனாய். பின்னால் துவக்குகள் போயின. வாசலில் நின்று நானும் எட்டிப் பார்த்தேன்.

சுவரில் பஸ் ஓடியது. நீ நடுங்க நடுங்க, அது யன்னல்களெல்லாம் மினுங்கக் குலுங்கிக் குலுங்கிப் போனது.

"பஸ்" என்றான் ஒரு சிப்பாய். எங்கள் இரண்டு மொழியிலும் அதே சொல்தானே. யாரோ ஒருவன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊதி அணைக்கச் சொன்னார்.

விட்டார்கள். ஆனால் பெயர் எழுதிய பலகையை உன் நெஞ்சில் பிடிக்க வைத்துப் படம் எடுத்த பிறகுதான். டின்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த வருடம் நாவலடிக் கரையில் எங்கள் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை.

வீட்டுக்கு வந்து நீ பச்சைத் தண்ணீர் குடித்தாய், குளித்தாய், படுத்தாய். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். கொஞ்ச நாளில், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் முன்வீட்டில் "டின் டீச்சர்ர வீடு எது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து நீ பாலம் கடக்கவில்லை. பாலத்துச் சோதனைச் சாவடியில் உன் படம் இருக்கும், அடையாள அட்டையைக் கண்டதும் மறித்துவிடுவார்கள் என்று உனக்குள் ஊன்றிவிட்டது. பயந்தாங்கொள்ளியான நான்தான் பிறகு நெட் கபேக்குப் போனேன். கால் கூசக் கூசச் சாவடியைக் கடந்து, உனக்காகக் குறிப்புகள் எடுத்து வந்தேன். ஆரஞ்சுத் தோடம்பழத் தோலில் இனிப்பு, பால் திரித்த பால்கட்டி, கடதாசிப் பூ. கொட்டிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். அவன் என்ற சொல் வந்தால் மட்டும் கொஞ்சம் சிரிப்பாய்.

சண்டை முடிந்த அன்று டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள். நீ கட்டிலுக்குக் கீழே போய்விட்டாய். வெடி ஓய்ந்த பிறகும் வரவில்லை. நானும் பக்கத்தில் போய்ப் படுத்தேன். அப்போதுதான் என் கையைப் பிடித்து, உன் மார்பில் வைத்தாய். உள்ளே கல்லுப் போல ஒரு கட்டி.

"எப்ப இருந்து?"

"கனநாள். ஆசுபத்திரி பாலத்துக்கு அங்கால இருக்கே மச்சாள். எப்பிடிப் போற?"

மறுநாளே வெளிக்கிட்டோம். பாலத்தில் உன் கை என் மணிக்கட்டில் நகம் பதிய இறுகியது. சாவடியில் இளம் சிப்பாய் ஒருவன் உன் அட்டையை வாங்கினான்.  அவன் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "போங்க அக்கா" என்று நீட்டினான். கொஞ்சத் தூரம் நடந்து, பாலத்தின் நடுவில் நீ நின்றுவிட்டாய்.

"இவ்வளவுதானாகா?" என்றாய். "இதுக்காகா நான் வீட்டுக்குள்ளயே இருந்தன்?"

 கீழே வாவி சும்மா கிடந்தது.

கட்டி பரவிவிட்டது என்றார்கள். கொழும்புக்கும் கொண்டுபோனோம். உன் அண்ணன் வந்து சேர்ந்து, உன் தலைமாட்டில் ஒரு கிழமை இருந்தார். நீ போனபோது பாலர் பாடசாலைப் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து வரிசையாக நின்றார்கள்.

மச்சாள், நான் இன்னும் தைரியசாலி ஆகவில்லை. கடல் கொஞ்சம் உரத்தால் எழும்பிவிடுவேன். ஆனால் உன் கேள்வி என்னோடு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை நான் மார்பைச் சோதித்துப் பார்க்க ஆசுபத்திரிக்குப் போகிறேன், நடுங்கிக்கொண்டுதான். போகும்போது ஒழுங்கையில் யாராவது ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவேன். போன மாதம் பின்வீட்டுப் பெண் பாதிப் பாலத்தில் குந்திவிட்டாள். "எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா, நான் வரல்ல" என்று அழுதாள்.

"எனக்கும் பயம்தான் புள்ள" என்றேன். வாகனங்கள் எங்களை விலத்திக்கொண்டு போயின. அவள் எழும்பும்வரை நானும் பக்கத்தில் குந்தியிருந்தேன். கையை மட்டும் விடவில்லை.