உயிரோடு இருப்பவளுக்கு வெட்டிய குழி

அனுப்புநர்:
சாலம்மாள் (வயது 49),
க/பெ. கண்ணாயிரம்,
மாவுக்கல் கொட்டாய், கல்வராயன் மலை,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர்,
மலையருவி ஆம்புலன்ஸ் சேவை,
கள்ளக்குறிச்சி.

பொருள்: ஆம்புலன்ஸ் சைரனைத் தாங்கள் தடை செய்ததால், உயிருடன் இருக்கும் எனக்கு ஊரார் குழி வெட்டியது – தடையை நீக்கி, மாற்றப்பட்ட ஊழியர் இருவரையும் திரும்ப அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நோயாளி இல்லாத வண்டியில் சைரன் ஒலிக்கக் கூடாது என்னும் தங்கள் 4.11.2024 நாளிட்ட ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் சாலையிலிருந்து பள்ளத்தில் இறங்கி, ஓடை தாண்டி ஒன்றரை கிலோமீட்டர். போனில் சிக்னல் கிடையாது. இதைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அறிய வேண்டுமானால் நாற்காலியை விட்டு எழுந்து வர வேண்டும்.

2. ஓட்டுநர் காசிநாதன் ஆறு வருடமாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். எங்கள் ஆளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வண்டி மலைக்குத் திரும்பும்போது, எங்கள் ஊருக்கு நேர் மேலே சாலையில் உள்ள புளியமரத்து வளைவில் சைரனை இரண்டு முறை அடிப்பார். ஆள் பிழைத்தது என்று அர்த்தம். பிழைக்காவிட்டால் அடிக்க மாட்டார். வண்டியை நிறுத்தி, நடந்து வந்து, வீட்டில் உட்கார்ந்து சொல்வார். செவிலியர் ஜெயசுதா சந்தை நாளில் வண்டியருகே நின்று பிரஷர் பார்ப்பார். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதே, கீறாதே, நடக்க விடாதே என்று ஊருக்கே பாடம் எடுத்தவர். இவற்றுக்கெல்லாம் தங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை என்று கேள்வி.

3. மலைக்கு ஓய்வெடுக்க வந்த கனவான் ஒருவர், சைரனால் பகல் தூக்கம் கெட்டதாகத் தங்களிடம் முறையிட்டாராம். மறுநாளே ஆணை வந்துவிட்டது. வண்டியின் ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் மாற்றக் கேட்டு நாங்கள் மனு கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த மனு இன்னும் தூங்குகிறது.

4. அதே 4.11.2024 காலை, மரவள்ளிக் கொல்லையில் என்னைக் கண்ணாடி விரியன் கடித்தது. ஜெயசுதா சொல்லிக்கொடுத்தபடியே கட்டிலோடு தூக்கிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். காசிநாதன்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். மகள் மலர்விழி உடன் வந்தாள். இத்தனை நாள் சைரன் அடித்த குற்றத்துக்காக, ஆஸ்பத்திரி வாசலிலேயே ஊழியர் இருவருக்கும் தியாகதுருகத்துக்கு மாற்றல் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டீர்கள். புது ஓட்டுநர் தங்கள் ஆணைப்படி வளைவை ஊமையாகக் கடந்தார்.

5. அன்று பிடித்த மழையில் ஓடை பெருகி, மூன்று நாள் யாரும் சாலைக்குப் போக முடியவில்லை. சைரனுக்கு ஓடை ஒரு தடையல்ல. வளைவில் வண்டி போவதை ஊரே பார்த்தது, சத்தம் இல்லை. ஓட்டுநர் மாறியது தெரியாததால், ஓடையைத் தாண்டி வந்து சொல்ல வழியில்லாமல் காசிநாதன் போகிறார் என்று நினைத்தார்கள். என் கணவர், "ஆளு இருந்தா காசி அடிக்காம போவானா? முடிஞ்சி போச்சி" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், சோறு தொடவில்லை. எங்கள் மண் பாறை. பிணம் வந்தபின் வெட்டத் தொடங்கினால் ஒரு நாள் போகும் என்று முன்னதாகவே குழி வெட்டினார்கள்.

6. ஐந்தாம் நாள் நான் மெல்ல நடந்து ஊர் வந்தேன். என் குழியை நானே பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். யாருக்கும் தலை வணங்காத என் கணவர், என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். அதற்குத் தங்களை நான் மன்னிப்பதாக இல்லை. இங்கே நான் சொன்ன சில வார்த்தைகளை எழுத மலர்விழி மறுத்துவிட்டாள். தாங்களே ஊகித்துக்கொள்ளவும்.

7. பக்கத்து வீட்டு அபிநயாவுக்கு இம்மாதக் கடைசியில் பிரசவம். அவள் கணவர் இளவரசன் என் குழியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்குள் சைரன் திரும்பியாக வேண்டும்.

8. வெட்டிய குழியை வெறுமனே மூடக் கூடாது, ஏதாவது ஒன்றைப் புதைத்தே மூட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஊரார் கோழி என்றார்கள். கோழி என்ன பாவம் செய்தது என்று நான் தடுத்துவிட்டேன். ஆகவே, தங்கள் ஆணையின் அசலை ரத்து செய்து, காசிநாதன் கையில் கொடுத்து, அதே வண்டியில் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். வளைவில் இரண்டு முறை சைரன் கேட்டதும், உரிய மரியாதையுடன் அதை அடக்கம் செய்துவிடுகிறோம். அதுவரை குழி திறந்தே இருக்கும்.

இடம்: மாவுக்கல் கொட்டாய்
நாள்: 11.11.2024

இப்படிக்கு,
இன்னும் சாகாத,
(ஒப்பம்) சாலம்மாள்