மூன்றாம் பாகத்தில் இல்லாத படகுக்காரி

என் செல்ல அக்காவுக்கு,

நீ காத்துக்கிடந்த மாயநாட்டுக் கதையின் மூன்றாம் பாகம் வந்துவிட்டது. "வந்திருச்சா மிஸ், வந்திருச்சா?" என்று ராகலை டவுன் வாசிகசாலைக்கு எத்தனை நடை நடந்திருப்பாய்! நீ கண்ணை மூடி ஏழு மாதம் கழித்து ஆடி அசைந்து வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு வாரம் அதைத் தொடவே மனம் வரவில்லை. முதல் இரண்டு பாகங்களையும் படித்தது நீதானே? தேயிலை மலையிலிருந்து வந்து, கால் கழுவி, அடுப்படியில் உட்கார்ந்து நீ சத்தமாகப் படிப்பாய். நான் ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்பேன். நம் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாததால் பக்கத்துக் காம்பராவிலிருந்து மாரியாயி மதினியும் கேட்பாள். கடைசியில் மதினிதான் சொன்னாள், "அக்கா இல்லாட்டி என்ன, நீ படி புள்ள, நான் கேக்குறேன்" என்று.

போன மாதம் ஆரம்பித்தேன். நாலாம் பக்கத்திலேயே ஒரு வரி: படகுக்காரியின் சமாதியில் இளவரசன் விளக்கேற்றினான். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் பாகம் முழுக்க யாளிப் படையோடு மல்லுக்கட்டி உயிரோடு இருந்தவளுக்கு எப்படிச் சமாதி வரும்? அச்சடித்தவன் தப்பு என்றே முடிவுகட்டினேன். பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, வாசிகசாலை மிஸ்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் இரண்டாம் பாகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அக்கா, அவள் பாதிப் புத்தகத்திலேயே செத்துப்போயிருக்கிறாள்.

அதை நீ படித்தபோது அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அம்மா மாதிரியே திட்டுறா" என்று படகுக்காரியைக் கேட்டுக் கேட்டு நான் சிரித்தேனே, அதற்காகத்தான் மறைத்தாயா? சரி, அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டாய். மிச்சப் புத்தகம் முழுவதற்கும் அவளை எங்கிருந்து கொண்டுவந்தாய்?

மதினியிடம் கேட்டால் சிரிக்கிறாள்.

"ஒங்கக்கா தனியாவா செஞ்சா? அன்னிக்கிச் சாயந்தரம் எப்புடியோ சமாளிச்சிட்டா. மறுநாள் மலையில ஒரே அழுக. 'மதினி, அவ செத்துட்டா, தங்கச்சிகிட்ட எப்புடிச் சொல்லுவேன்'னு. சொல்லாத, நாங்க இருக்கோம்னோம். அப்பறம் தெனமும் கொழுந்து எடுத்துக்கிட்டே ஆளுக்கொண்ணு சொல்லுவோம். அதத்தான் அவ படிச்சா."

எனக்குத்தான் புத்தி மட்டு. மாயநாட்டுப் படகுக்காரி நம் வீட்டு மிளகாய்க் கட்டசம்பலோடு ரொட்டி தின்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? கோட்டைக் காவலனிடம் "தராச ஒழுங்காப் புடிய்யா" என்று கத்தினாளே! கொழுந்து நிறுக்கிற இடத்தில் மதினி போடுகிற அதே சத்தம். அந்த நாட்களில் நான் இரண்டு வாய் சோறு தின்றதே படகுக்காரியின் பேச்சைக் கேட்டுத்தான். எனக்காக ஒரு மலையே கதை கட்டியிருக்கிறது, ஒருத்திகூட இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வது, உனக்கு மட்டும் சொன்னால் போதுமா?

நேற்றுச் சாயந்தரம் கடைசி அத்தியாயம் படித்தேன். போர் முடிகிறது. இளவரசன் ஊர் திரும்ப ஆற்றங்கரைக்கு வருகிறான். படகு கட்டிக் கிடக்கிறது, ஆள் இல்லை. முற்றும்.

இருபது வருடம் உன் பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுத்தவள் மதினி. இப்போது உன் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மதினி கேட்டாள்: "அவ்வளவுதானா புள்ள? நம்ம படகுக்காரி?"

மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கிற குரலிலேயே சொன்னேன்: "அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. 'எவன்டா அவன், கரையில நின்னு பேந்தப் பேந்த முழிக்கிறது? வந்து ஏறு' என்றாள் படகுக்காரி."

அது எந்தப் பக்கத்திலும் இல்லை என்று மதினிக்குத் தெரியாதா? "ம்… அப்பறம்?" என்றாள்.

இன்று சாயந்தரத்துக்கு எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை, அக்கா. ஆனாலும் சொல்வேன். மதினி "அப்பறம்" என்று கேட்கிற நாள் வரைக்கும் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி ரஞ்சனி