மார்கரீத் வீட்டு ஜன்னல்

மோர்ன் கோக்கோ,
செப்டம்பர், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஜசிந்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் கூரையும் சுகம், கூரை மட்டும் சமையலறைப் பக்கம் கொஞ்சம் ஒழுகுகிறது, அதை மழை விட்டதும் பார்த்துக்கொள்ளலாம். அங்கே லூட்டனில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் டாரியலும் குளிரில் மூக்கைச் சிந்திக்கொண்டிராமல் நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்தக் கிழவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் பாதி விஷயம் எனக்கு மறந்துபோகிறது, மீதியை நீ "அப்பா, மாத்திரை போட்டீங்களா, பிரஷர் பார்த்தீங்களா" என்று கேட்டே முடித்துவிடுகிறாய். இது அப்படி அவசரத்தில் சொல்கிற விஷயம் இல்லை. போட்டேன், பார்த்தேன், இரண்டும் சரியாக இருக்கிறது, இனி நீ வாயை மூடிக்கொண்டு படி.

போன வாரம் கிளம்பிய புயல் நம்மைத் தொடாமல் வடக்கே போய்விட்டது, பின்பக்கத்துச் சீமைப்பலா மரத்தில் ஒரு கிளைதான் நஷ்டம், அதுவும் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் விழுந்ததால் எனக்கு நஷ்டமில்லை, சண்டைதான் மிச்சம். அது இருக்கட்டும். ஈஸ்டர் அன்று நீ ஒன்று சொன்னாயே, நினைவிருக்கிறதா, "டாரியல் என்கிட்ட உங்கம்மா எப்படிப் பேசுவாங்கன்னு கேட்டான்ப்பா, எனக்குச் சொல்லத் தெரியல, அம்மா முகமாவது போட்டோவுல இருக்கு, குரல் எங்கயுமே இல்ல" என்று. உடனே நான் லைன் சரியில்லை, கேட்கவில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. குரல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் கிடைக்குமா என்று தெரியாமல் உனக்கு ஆசை காட்ட மனசு வரவில்லை. உன் அம்மா யூலாலி பாடியது ஒரே ஒரு கேசட்டில் இருந்தது, அந்தக் கேசட் அவர்கள் சங்கத்துப் பழைய பாட்டெல்லாம் போட்டு வைத்த ஒரு பிஸ்கட் டப்பாவில், அந்த டப்பா மா க்ளோட்டில் வீட்டு அலமாரியில். மா க்ளோட்டில் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மார்கரீத் சங்கத்து ராணி, முப்பது வருஷமாக அந்தக் கிரீடத்தை வேறு யார் தலைக்கும் விடாதவள்.

டாரியலுக்கு நீ விளக்கிச் சொல், அவன் அங்கே பிறந்தவன், அவனுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். ஊரில் பாட்டுச் சங்கம் இரண்டு, ரோஜாப் பூவின் பெயரில் ஒன்று, மார்கரீத் பூவின் பெயரில் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி ராஜா, ராணி, நீதிபதி, போலீஸ், நர்ஸ் எல்லாம் வேஷத்துக்கு உண்டு, ஒருவர் ஒத்திகை வீட்டில் மற்றவர் கால் வைக்கக் கூடாது. ரோஜாக்காரர்கள் மேளத்தோடு ஆடிக்கொண்டே பாடுவோம். மார்கரீத்காரர்கள் வாடாமல்லி நிறத்தில் உடுத்திக்கொண்டு நாற்காலியை விட்டு அசையாமல் பாடுவார்கள், கோவிலில் பூசைக்கு உட்கார்ந்த மாதிரி. நான் பிறவி ரோஜா, உன் அம்மா பிறவி மார்கரீத், நாங்கள் கல்யாணம் செய்துகொண்டதற்கு ஊர் ஒரு வருஷம் சிரித்தது. அதற்காக அவளும் மாறவில்லை, நானும் மாறவில்லை. கொடியில் சிவப்பும் வாடாமல்லியும் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்தன, அவ்வளவுதான்.

இப்போது பட்டணத்து ஆவணக் காப்பகத்திலிருந்து வெர்னா என்று ஒரு பெண் வேனில் வந்து போகிறாள், கெட்டிக்காரி, நல்ல சிரித்த முகம். தீவின் பழைய காகிதம், படம், பாட்டு எல்லாம் உப்புக்காற்றில் வீணாய்ப் போவதற்குள் வாங்கிப் பத்திரப்படுத்துகிறார்கள். எங்கள் சங்கம் முந்திக்கொண்டு தன் பெட்டியைக் கொடுத்தது. அதுவரை எல்லாம் நல்லபடி. கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்கிறாய், நம் கத்பர்ட், ரோஜா சங்கத்துப் போலீஸ் இன்ஸ்பெக்டர், நரம்பில்லாத நாக்குக்காரன். அங்கே எங்கள் பெட்டியை அலமாரியில் ஒரு தட்டில் வைத்து, மார்கரீத் கொடுத்தால் வைக்கலாம் என்று கீழ்த்தட்டைக் காலியாக விட்டிருந்தார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்து ரம் கடையில் உட்கார்ந்து, "அரசாங்கமே ஒத்துக்கிச்சுடா, ரோஜா மேல, மார்கரீத் கீழ!" என்று மேசையைத் தட்டியிருக்கிறான். அவன் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் செய்தி மா க்ளோட்டில் காதுக்குப் போய்விட்டது. "எங்க செத்துப்போன ராணிங்கல்லாம் ரோஜாக்காரன் காலடியில படுக்கணுமா, இந்த டப்பா என்னோட கல்லறைக்குத்தான் வரும்" என்று அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெர்னா போய் எவ்வளவோ கெஞ்சி டப்பாவைத் திறந்து காட்ட மட்டும் சம்மதிக்க வைத்திருக்கிறாள். திரும்பி வரும்போது என் வாசலில் வேனை நிறுத்தி, "ஐயா, நாடா பூரா வெள்ளப் பூஞ்சை பூத்திருக்கு, இன்னொரு மழைக்காலம் தாங்காது, உங்களால ஏதாவது பேசிப் பார்க்க முடியுமா" என்றாள். ஜசிந்தா, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவை மண்ணுக்குக் கொடுத்தது போதாதென்று குரலைப் பூஞ்சைக்கும் கொடுப்பதா. ஒரு சீமைப்பலாவைத் தூக்கிக்கொண்டு மா க்ளோட்டில் வீட்டு வேலிக்குப் போனேன். பழத்தை வாங்கிக்கொண்டாள், என்னை உள்ளே கூப்பிடவில்லை. "ஏன்யா ஹிலாரியன், உங்க ஆளு ஊர் பூரா எங்க மானத்த வாங்கினான், நீ ஒத்தப் பழத்தோட வர்றியா, சனிக்கிழமை ஒத்திகைக்கு வா, எங்க கோர்ட்டுல வச்சுப் பேசிக்கலாம்" என்றாள்.

ரோஜாவுக்கு ராஜாவாக இருந்தவன் மார்கரீத் கோர்ட்டில் கைகட்டி நிற்பதா என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள். கத்பர்ட்தான் ரொம்பக் குதித்தான், அவனால் வந்த வினை என்பது அவனுக்கு மட்டும் தெரியவில்லை. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவர்கள் போலீஸ்காரர் அட்டைத் தொப்பியோடு வாசலிலேயே என்னைக் கைது செய்து உள்ளே கொண்டுபோனார். நீதிபதி நம் ரொட்டிக்கடை லூசியன், ரொட்டிமாவு வாசனையோடேயே தீர்ப்புச் சொன்னான், "குற்றவாளி வாடாமல்லிப் பட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு, மார்கரீத் பாட்டு ஒண்ண முழுசாப் பாடணும், உக்காந்தபடியே, கையும் அசையக் கூடாது காலும் அசையக் கூடாது." வீடு இடிகிற மாதிரிச் சிரித்தார்கள். ஒரு ரோஜாக்காரனைக் காலை ஆட்டாமல் பாடச் சொல்வது கோழியைத் தலையாட்டாமல் நடக்கச் சொல்வதுதான். எனக்குத் தெரிந்த மார்கரீத் பாட்டு ஒன்றுதான், உன் அம்மா பாடுவது, கடலுக்குப் போனவன் வீடு திரும்பும் பாட்டு. ஆரம்பித்தேன். இரண்டாம் அடியிலேயே என் வலது கால் தன்பாட்டுக்குத் தாளம் போட, அவர்கள் நர்ஸ் வெள்ளைக் குல்லாவோடு ஓடிவந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் இடது கால், அதற்கு இன்னொரு நர்ஸ். இப்படி இரண்டு பேர் பிடிக்க நான் பாடி முடித்தேன், குரல் நடுவில் ஓரிடத்தில் உடைந்தது, அது தாளத்தால் அல்ல. முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. மா க்ளோட்டில் மட்டும், "இது யூலாலி பாட்டு, நீதான் இந்த வீட்டுப் படி ஏறினதே இல்லையே, ஒரு வார்த்தை விடாம எப்படித் தெரியும்" என்று கேட்டாள். "அந்த ஜன்னலுக்கு வெளியில நின்னு கேட்டதுதான் மா, ஒவ்வொரு சனிக்கிழமையும்" என்றேன். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

டப்பாவைக் கையில் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு அவளே வேனில் பட்டணம் வந்தாள். வெர்னா இரண்டு பெட்டிக்கும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருந்தாள். மா க்ளோட்டில் தட்டைத் தடவி, மட்டம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, அப்புறம்தான் விட்டாள். நாடாவைச் சுத்தம் செய்து பிரதி எடுக்க இரண்டு வாரம் ஆயிற்று. வியாழக்கிழமை கூப்பிட்டு எங்கள் இருவர் காதிலும் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். கண்ணு, அது அவளேதான். சமையலறையில் நின்று கூப்பிடுவது மாதிரி அவ்வளவு பக்கத்தில். நான் அழுதேன், மா க்ளோட்டிலும் அழுதாள், வெளியில் சொல்லாதே என்றாள். பாட்டின் நடுவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. உடனே உன் அம்மா பாட்டை நிறுத்திவிட்டு, "ஹிலாரியன், பிள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ளதான் வாயேன், இங்க யாரும் உன்னக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க" என்கிறாள், எல்லாரும் சிரிப்பது கேட்கிறது. நான் உள்ளே போகவில்லை, ரோஜாவாயிற்றே, ஜன்னல் வழியாக உன்னைக் கொடுத்தேன். அப்புறம் அழுகை இல்லை. மீதிப் பாட்டு முழுவதும் நீ அவள் மடியில்.

வெர்னா கேசட்டுக்குச் சீட்டு எழுதும்போது பாடியவர் யூலாலி என்று எழுதிவிட்டு, அழுகிற குழந்தை யார் என்றாள். உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஆக நீயும் இப்போது காப்பகத்தில் இருக்கிறாய், இனி இந்தத் தீவு உன்னை மறக்க முடியாது. எந்தச் சங்கம் என்ற இடத்தில்தான் தகராறு. நான் ரோஜா என்றேன், மா க்ளோட்டில் "ஜன்னல் தாண்டி எங்க வீட்டுக்குள்ள வந்த பிள்ளை, மார்கரீத்" என்றாள், கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், நீதான் எழுதி அனுப்ப வேண்டும். நன்றாக யோசித்து எழுது, உன் அப்பாவும் இந்த ஊரில் குடியிருக்க வேண்டும்.

பிரதி வெர்னா உனக்கு அனுப்பிவிடுவாள். மாப்பிள்ளைக்கு என் அன்பு, கோக்கோ உருண்டை வேறு பார்சலில் வருகிறது, அதில் சர்க்கரையைக் கொட்டிக் கெடுக்காதே. டாரியலுக்கு ஆயிரம் முத்தம். மாதா உங்கள் மூவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மறக்காதே, முதல் தடவை தனியாகக் கேள், அழுகைச் சத்தம் வந்ததும் நிறுத்திவிடாதே. அதற்குப் பிறகு அவள் பாடுவது உனக்கு.

என்றும் உன் அப்பா,
ஹிலாரியன்
(ரோஜா சங்கத்து முன்னாள் ராஜா, மார்கரீத் கோர்ட்டில் தண்டனை பெற்றவன்)